கிரீஸ் கன்னை எடுக்கும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீ போனில் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. அப்பாவின் ஆறு சக்கர லாரியில் எங்கேயோ ‘கீச், கீச்’ என்று சத்தம். கண்ணில் பட்ட நிப்பிளுக்கெல்லாம் கிரீஸ் அடித்திருக்கிறாய், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே டீசல் தெளித்திருக்கிறாய். கொஞ்ச நாள் அடங்கியது, இப்போது மறுபடி வந்துவிட்டது. பட்டறையில் ஒருவர் ஷேக்கிள் புஷ் அத்தனையையும் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் சென்டர் பேரிங் என்று அடித்துச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டாய். இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதே. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்துகொள். சத்தத்தை அடக்குவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. நீ அடக்கினாய். எல்லா இடத்திலும் ஒரே நாளில் கிரீஸ் அடித்ததால், எந்த இடத்தில் அடித்தது கேட்டது என்று உனக்குத் தெரியாது. ஒரே ஒரு இடத்தில் அடித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த இடத்துக்குப் போயிருந்தால் இந்நேரம் கையில் ஒரு பதில் இருந்திருக்கும். இப்போது எண்ணெயும் புழுதியும் சேர்ந்து எல்லா மூட்டும் ஒரே கறுப்பாக இருக்கும், எது உரசுகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. அதனால் நாளைக்கு முதல் வேலை வாட்டர் சர்வீஸ். அடிப்பக்கம் முழுக்கக் கழுவிவிட்டு, ஒரு நாள் வெயிலில் காயவிடு. வண்டி மறுபடி நன்றாகக் கத்தட்டும். கத்துகிற வண்டியில்தான் தேட முடியும்.

‘கீச்’ என்பது என்ன? இரண்டு பரப்புகள் அழுந்திக்கொண்டு நகரும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இழுக்கிற விசை கூடக் கூட பிடி விட்டுப் போகிறது, சட்டென்று வழுக்குகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி வழுக்குகிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் நம் காதுக்கு அது ஒரே கீச்சாகக் கேட்கிறது. வயலின் வாசிப்பவர் வில்லில் குங்கிலியம் தடவுவது இந்தப் பிடியும் வழுக்கலும் வேண்டும் என்பதற்காகத்தான். அசையாமல் நிற்கும்போது உராய்வு அதிகம், நகரத் தொடங்கிவிட்டால் குறைவு. அந்த வித்தியாசம்தான் சத்தத்தின் தாய். பிரான்ஸ் நாட்டு எஞ்சினியர் கூலோம் ஒரு கப்பல் தளத்தில் மரத்தின் மேல் மரத்தையும் உலோகத்தின் மேல் உலோகத்தையும் இழுத்து இழுத்துப் பார்த்து இதையெல்லாம் அளந்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1781-இல் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் பரிசும் வாங்கினார். நம் ஊரில் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டவர்களுக்கும் இதே கணக்கு கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. உன் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவதற்கு முன், சக்கரத்தைக் கழற்றிப் பழைய மையை வழித்து, அச்சு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். பார்க்காமல் மை போட மாட்டார்.

ஆகவே கீச் என்று கேட்டால் அங்கே உரசல் இருக்கிறது. அழுத்தமும் உண்டு, உயவு இல்லை. ‘டக்’ என்று கேட்டால் இடைவெளி விழுந்திருக்கிறது. ‘கடகட’ என்றால் ஏதோ கழன்று ஆடுகிறது. ‘உய்ங்’ என்று இழுத்தால் பேரிங் பக்கம் போக வேண்டும். உன் வண்டியில் கீச் மட்டும்தானா, கீச்சுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சின்ன ‘டக்’ சேர்ந்து வருகிறதா என்று கவனமாகக் கேள். டக் சேர்ந்து வந்தால் விஷயமே வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

தேடத் தொடங்கும் முன் கேபினைக் காலி செய். சிரிக்காதே. தண்ணீர் கேன், சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகை, டூல் பெட்டி, ஜாக்கி ராடு, கண்ணாடியில் தொங்குகிற மாலை, எல்லாவற்றையும் இறக்கி வீட்டில் வை. கதவு கீல், ரப்பர் பீடிங், சீட்டுச் சட்டம் எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பார். சத்தம் இதிலேயே தீர்ந்துபோகும் வண்டிகள் நிறைய. தீரவில்லை என்றால் கீழே இறங்கு.

இனி வண்டியை எதுவும் செய்யாமல் கேள்வி கேட்க வேண்டும். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடினாலே சத்தம் வருகிறதா? வந்தால் சக்கரம், ஸ்பிரிங், ஜாயிண்ட் அத்தனையையும் மறந்துவிடலாம். ஓடினால்தான் வருகிறது என்றால், வேகத்தோடு சேர்ந்து வேகமாகிறதா, இல்லை பள்ளம் மேட்டில் மட்டும் வருகிறதா? லோடோடு வருகிறதா, காலியாக வரும்போதா? காலையில் முதல் கிலோமீட்டரிலா, மத்தியானத்திலா? மழை பெய்த அன்று என்ன ஆகிறது? நனைந்தால் அடங்கி, காய்ந்ததும் திரும்ப வருகிற சத்தம் வெளியே திறந்து கிடக்கிற மூட்டில்தான் இருக்கும். மூடி வைத்த கியர் பாக்ஸுக்குள் மழை போகாது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவை, மனதில் வைக்காதே. இரண்டு நாள் கழித்து மனது தனக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்லும்.

வேகத்தோடு மாறுகிற சத்தம் என்றால் எண்ணத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. இதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு, கவனமாகப் படி. 10.00-20 டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி மூன்று மீட்டருக்குச் சற்று மேல் நகரும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 6 விநாடியில் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. அதாவது சக்கரம் 5 சுற்று. ஆனால் புரோப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும். எத்தனை மடங்கு என்பது ஹவுசிங்கில் இருக்கிற கிரவுன், பினியன் பல் கணக்கைப் பொறுத்தது. ஆறு மடங்கு என்று வைத்துக்கொள், அதே 6 விநாடியில் ஷாஃப்ட் 30 சுற்று சுற்றிவிடும். உன் அப்பாவை ஆளில்லாத சமதளச் சாலையில் 10 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல். நீ போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு எண்ணு. 6 விநாடியில் ஐந்து கீச் என்றால் சக்கரம், பிரேக் டிரம், ஹப் பக்கம் போ. எண்ண முடியாமல் குருவிக் கூட்டம் போல் ‘கிச்சுகிச்சுகிச்சு’ என்று அடித்தால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அங்கே ஜாயிண்ட்டின் கிராஸ் காய்ந்திருக்கலாம், சென்டர் பேரிங்கின் ரப்பர் போயிருக்கலாம். எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விநாடிக்குப் பத்து, அதையும் எண்ண முடியாது. ஆனால் அது நின்ற வண்டியிலும் கேட்கும் என்பதால் குழப்பம் வராது. எந்த எண்ணிக்கைக்கும் கட்டுப்படாமல் ரோடு மேடுபள்ளத்துக்கு மட்டும் பதில் சொல்கிற சத்தம் என்றால் ஸ்பிரிங், ஷேக்கிள், பாடி, கேபின் மவுண்ட் ஆகியவற்றில் ஒன்று. நீ போனில் ஸ்பீடு பிரேக்கரில் வருகிறது என்று சொன்னாய். நீ சொன்னது சரியாக இருந்தால், சென்டர் பேரிங் என்று சொன்னவர் பேச்சு நிற்காது.

பரிசோதனைக்காக நியூட்ரலில் தள்ளி ஓடவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. சமதளத்தில், மெதுவாக, அப்பா ஸ்டியரிங்கில் இருக்கும்போது மட்டும் செய். இறக்கத்தில் செய்யவே கூடாது. தொப்பூர்க் கணவாயில் எஞ்சின் பிடிமானம் இல்லாமல் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய்.

மேட்டில் கத்துகிற சத்தம் என்று முடிவானால், காதை நம்பாதே. இரும்புக்குள் ஒலி காற்றில் போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும், சேஸ் முழுக்கப் பரவும். பின் ஆக்சிலில் பிறந்த சத்தம் உன் முதுகுக்குப் பின்னால் கேபின் சுவரில் கேட்கும்.

நம் சொந்தத்தில் ஒருவர் அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி ஓட்டிய லாரியில் இதுதான் நடந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடப்பக்கம் கீச். லோடு இருந்தால் மட்டும் வரும், காலியாக வந்தால் சுத்தமாக இருக்காது. ஒரு பட்டறையில் கேபின் மவுண்ட் ரப்பர் நான்கையும் மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது. லோடு இருந்தால் மட்டும் என்று டிரைவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். கேபினுக்கு லோடு தெரியாது; லோடு பின் ஸ்பிரிங்குக்குத்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தாலே கேபின் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன், நீயும் இப்படியே செய். லோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு அங்குல உயரப் பலகை ஒன்றை இடது முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தோம். வண்டி ஊர்ந்து ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. அதே பலகையை இடது பின்சக்கரத்துக்கு வைத்தோம். ஏறும்போதே கீச், இறங்கும்போது கீச்சும் ஒரு மெல்லிய டக்கும். வலது பின்சக்கரத்தில் ஒன்றும் இல்லை. மூன்று தடவை பலகை வைத்ததில் முழு லாரியும் ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. நான் நடந்துகொண்டே கேட்டேன், வண்டிக்குக் கை எட்டாத தூரத்தில். நீயும் நகர்கிற வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதே. டிரைவர் உன்னைப் பார்க்க முடிகிற இடத்திலேயே நட.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு, சக்கரங்களுக்குக் கட்டை போட்டபின் டார்ச்சோடு உள்ளே பார்த்தேன். ஷேக்கிள் இரண்டும் நன்றாக இருந்தன. யூ போல்ட் பிளேட்டுக்கும் பட்டைக் கட்டுக்கும் நடுவே செங்கல்பொடி மாதிரி ஒரு சிவப்புத் தூள், நகக்கண் அளவு, ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பட்டையில் கண்ணாடி போல் தேய்ந்த ஒரு மெல்லிய கோடு. மற்ற இடமெல்லாம் துருவும் மண்ணும். அந்த ஒரு கோடு மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது.

இந்த இரண்டையும் ஆயுசுக்கும் மறக்காதே. இறுகிக் கிடக்க வேண்டிய இரும்பும் இரும்பும் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருந்தால், தேய்ந்து உதிர்கிற துகள் உடனே துருப்பிடித்துச் சிவப்புத் தூளாகும். உரசுகிற இடம் துருப்பிடிக்க நேரமில்லாமல் பளபளக்கும். பட்டைகளின் நுனியில் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவது இயல்பு. ஸ்பிரிங் வளைய வேண்டும் என்றால் அங்கே சறுக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவில், யூ போல்ட் கட்டியிருக்கிற இடத்தில் ஒரு நூல்கூட நகரக் கூடாது. அங்கே தூள் இருந்தால் கட்டு தளர்ந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தபோது சென்டர் போல்ட் பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. அந்தச் சின்னப் போல்ட்டின் தலைதான் ஆக்சில் சீட்டில் இருக்கிற குழியில் உட்கார்ந்து, ஆக்சிலை அதன் இடத்தில் காட்டுகிறது. பிடித்து வைப்பது யூ போல்ட்டின் அழுத்தம். யூ போல்ட் தளர்ந்தால் முழு இழுப்பும் சென்டர் போல்ட் மேல் விழும். அது முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்துவிடும். வண்டி நேராகப் போகாமல் நண்டு மாதிரி கோணலாகப் போகும். பட்டையும் பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில்தான் உடையும், பட்டையில் பலம் குறைந்த இடம் அதுதான். முழு லோடு சிமெண்டோடு அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் அந்த வண்டியிலும் பட்டைக்கு ஆயில் ஊற்றிச் சத்தத்தைச் சில நாள் அடக்கியிருக்கிறார்கள். போல்ட் முறிந்துகொண்டிருந்த நாட்களில் அது வாய் திறக்கவில்லை. கண்ணு, நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அப்பா உங்கள் லாரியில்தான் ராத்திரி போகிறார்.

அதனால்தான் டக் சேர்ந்து வருகிறதா என்று கேட்டேன். உன் வண்டியில் இடம் தெரிந்ததும், வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு மெல்லிய கோடு போடு. யூ போல்ட் நட்டிலிருந்து பிளேட் மேல் ஒன்று, கட்டுக்குப் பக்கத்தில் பட்டைகளின் ஓரத்தில் குறுக்காக ஒன்று. ஒரு லோடு போய் வந்து பார். கோடு உடைந்திருந்தால் நகர்கிறது, முழுசாக இருந்தால் அந்த இடம் குற்றமற்றது. வீல் நட்டுக்கும் இப்படியே போடலாம். நட்டுக்கு அடியிலிருந்து ரிம் மேல் துரு வழிந்த கோடு தெரிந்தால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை எடுக்காதே. சக்கரம் கழற்றி மாட்டிய பின் முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி டைட் பார்க்க வேண்டும். யூ போல்ட் மாற்றினாலும் முதல் லோடு ஓடியதும் மறுபடி டைட் வைக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனி மேனுவலில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வைத்துப் பார், கைக்கணக்கு வேண்டாம். இழுபட்ட பழைய யூ போல்ட்டைத் திருப்பி மாட்டவே மாட்டாதே.

ஒருவேளை தேடிப் பார்த்து ஷேக்கிள் பின்தான் காய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், கிரீஸ் அடிக்கும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டி பாரம் முழுக்கப் பின்னின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அப்படியே கன்னை வைத்து அடித்தால் கிரீஸ் எளிதாக இருக்கிற பக்கம் வழியாக வெளியே வந்துவிடும். நிரம்பிவிட்டது என்று நீ நினைப்பாய், அழுந்திய பக்கம் காய்ந்தே கிடக்கும். நீ அடித்த கிரீஸ் கொஞ்ச நாளிலேயே தோற்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சேஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்பிரிங்கிலிருந்து பாரத்தை எடுத்தபின் அடி. இரண்டு பக்கமும் புதுக் கிரீஸ் வரும்வரை அடி. கிங் பின்னுக்கும் முன் ஆக்சிலைத் தூக்கிவிட்டுத்தான். நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகாமல் கன் வாயோரமே பிதுங்கும். அதை மாற்ற அதிகம் செலவாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. இதை உன் அம்மாவும் சொல்லுவாள், நானும் சொல்கிறேன்.

டீசல் தெளிப்பதை இன்றோடு விடு. ரப்பர் புஷ் உள்ள இடத்தில் டீசலும் கிரீஸும் பட்டால் ரப்பர் ஊறி, உப்பி, பொதபொதவென்று ஆகிவிடும். ரப்பர் கீச்சென்றால் சிலிக்கோன் கிரீஸ் இருக்கிறது. தேய்ந்த புஷ் என்றால் மாற்றுவதுதான் வழி. பட்டைகளுக்கு நடுவில் தெளித்த டீசல் உள்ளே இருந்த பழைய கிரீஸையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும், பிறகு புழுதி வந்து உட்காரும்.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பின்னால் உதவும். நின்ற வண்டியில் முன்பக்கம் கீச்சென்றால் பெல்ட். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, தூர நின்று, ஓடுகிற பெல்ட்டின் பள்ளக் கோடுகள் உள்ள பக்கம் லேசாக அடி. சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் லூசாக இருந்து வழுக்குகிறது. லுங்கி, துண்டு, நீளக் கை சட்டை எதுவும் ஃபேன் பக்கத்தில் கூடாது. கிளட்ச் மிதித்தால் வருகிற சத்தம் கிளட்ச் பேரிங். மிதித்தால் நிற்கிற சத்தம் கியர் பாக்ஸின் முன் பேரிங்காக இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் கிறீச்சென்றால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே தூசி இருந்தால் காற்றடித்து ஊதாதே, ஈரத்துணியால் துடை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். பிரேக் பிடிக்காமலே உரசுகிறதா என்ற சந்தேகம் வந்தால், ஓடி வந்து நின்றதும் புறங்கையை ஹப் அருகே கொண்டுபோய் நான்கு மூலையையும் ஒப்பிட்டுப் பார். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்காரர்கள் மேல் கோபப்படாதே. வண்டியை விட்டுவிட்டு ‘சத்தத்தை நிறுத்துங்கள்’ என்று சொன்னால் அவர்கள் நிறுத்தத்தான் செய்வார்கள். ‘லோடில், இடது பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது வருகிறது, நனைந்தால் வருவதில்லை’ என்று சொல்லிப் பார். அனுபவப்பட்ட மேஸ்திரி அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வண்டியைத் தள்ளிவிட்டு நேராக இடத்துக்குப் போவார். அவருக்கு அந்த வாக்கியத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது உன் வேலை.

இப்போது நீ செய்ய வேண்டியது: கழுவிக் காயவை. அடுத்த லோடு ஏறியதும் பலகை வைத்துப் பார். எந்தச் சக்கரம், ஏறும்போதா இறங்கும்போதா, டக் உண்டா இல்லையா, யூ போல்ட் பக்கம் சிவப்புத் தூள் தெரிகிறதா என்று போட்டோவோடு எனக்கு அனுப்பு. தூள் தெரிந்தால் எனக்கு அனுப்பக்கூடக் காத்திருக்காதே, லோடை இறக்கிவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்தி, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா